அமெரிக்க உள்நாட்டுப் போர், 15 மி.மீ. வீரர்கள், ஆறடிக்கு நாலடி மேசை: எந்த விதிநூலைத் தேர்ந்தெடுப்பது?

ஆறடிமேசை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் சண்டைகளை மேசைமேல் ஆடுவதற்காக, இரண்டு ஆண்டுகளாக 15 மி.மீ. பொம்மை வீரர்களுக்கு வண்ணம் பூசி வருகிறோம். ஒன்றியப் (வடக்கு) படையில் 240 காலாட்கள், தென்னவர் (கான்ஃபெடரேட்) படையில் 220 காலாட்கள், பதினாறு பீரங்கிகள், கொஞ்சம் குதிரைப்படை என்று கையிருப்பு சேர்ந்துவிட்டது. ஒருவரைக்கூட இன்னும் பேஸில் (சில வீரர்களைச் சேர்த்து நிறுத்தும் சிறு அடிப்பாகத்தில்) ஒட்டவில்லை. ஒட்டிய பிறகு பிய்த்தெடுத்தால் கணுக்கால் ஒடிந்துவிடும் என்பதால், விதிநூலை முடிவு செய்யாமல் பசையைத் திறக்க மனம் வரவில்லை.

எங்கள் ஆசை இரண்டு. 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கின் தென்பகுதியில் நடந்த சண்டையை, அதாவது பீச் மரத்தோட்டம், கோதுமை வயல், டெவில்ஸ் டென், லிட்டில் ரவுண்ட் டாப் ஆகிய நான்கையும், ஒரே மேசையில் ஆட வேண்டும். அதன் பிறகு 1862 ஏப்ரலில் நடந்த ஷைலோவின் முதல் நாளை ஆட வேண்டும். ஆடுவோர் இருவர்தாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நான்கு மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல் சாப்பாட்டு மேசையை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

நண்பர் ஒருவரின் 28 மி.மீ. படையைக் கொண்டு பிளாக் பவுடர் என்ற விதிநூலை ஒருமுறை ஆடிப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது, ஆனால் முதல் சுற்றிலேயே என் எதிரியின் பிரிகேட் ஒன்று மேசையின் பாதியைத் தாண்டி வந்து நின்றது. அது எனக்கு ஒட்டவில்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம், ஏன் என்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாற்காலி

விதிநூல்களின் பெயர்களுக்குள் நுழைவதற்கு முன் ஒரு கேள்விக்கு நீங்களும் உங்கள் மைத்துனரும் விடை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மேசையின் முன் உட்காரும்போது நீங்கள் யாருடைய நாற்காலியில் உட்காருகிறீர்கள்? ஒரு ரெஜிமென்ட்டை நடத்தும் கர்னலா, நான்கைந்து ரெஜிமென்ட்டுகளை வைத்திருக்கும் பிரிகேடியரா, பல பிரிகேட்டுகள் சேர்ந்த டிவிஷன்களைக் கொண்ட ஒரு கோரையே நடத்தும் தென்னவர் தளபதி லாங்ஸ்ட்ரீட்டா, ஒன்றியத் தளபதி சிக்கில்ஸா? இந்த விடையே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கர்னலுக்கு உரிய முடிவு, இடது கடைசிக் கம்பெனியைப் பின்னால் மடக்குவதா வேண்டாமா என்பது. கோர் தளபதிக்கு உரிய முடிவு, கடைசி இருப்பு டிவிஷனை இப்போது அனுப்புவதா, ஒரு மணி நேரம் பொறுப்பதா என்பது. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் செய்ய முயலும் விதிநூலில், கோர் தளபதி தன் நேரமெல்லாம் கம்பெனிகளை மடக்குவதிலேயே செலவிடுவார்.

உங்கள் ஜூலை 2 ஆசையைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். தாக்கியவர்கள் ஹூட், மெக்லாஸ் இருவரின் டிவிஷன்கள். அவற்றில் எட்டு பிரிகேட்டுகள், ஏறத்தாழ 14,000 பேர், நாற்பதுக்கு அருகில் ரெஜிமென்ட்டுகள். எதிரில் சிக்கில்ஸின் மூன்றாம் கோரில் ஆறு பிரிகேட்டுகள். பிறகு உதவிக்கு வந்த கால்டுவெல் டிவிஷனின் நான்கு. அதோடு ஐந்தாம் கோர். ரெஜிமென்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகர்த்திச் சுட்டுச் சோதனை போட இரண்டு நிமிடம் போதும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இரு தரப்பிலும் எண்பது ரெஜிமென்ட்டுகளுக்கு 160 நிமிடம் ஆகிறது. அது ஒரே ஒரு சுற்று. உங்களுக்கு இருப்பது 240 நிமிடம்.

வீரர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 14,000 பேருக்கு 10 பேருக்கு ஒரு பொம்மை என்றால் 1,400 பொம்மைகள் வேண்டும். 30 பேருக்கு ஒன்று என்றால் 460 சொச்சம். 200 பேருக்கு ஒரு பேஸ், பேஸுக்கு மூன்று பொம்மைகள் என்றால் 70 பேஸ்கள், 210 பொம்மைகள். நீங்கள் பூசி வைத்திருப்பது 220. நீங்கள் அறியாமலேயே உங்கள் தூரிகை பிரிகேட் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

இனி மேசை. அக்கால முறைப்படி இரண்டு வரிசையாக நிற்கும் 300 பேருக்கு முன்வரிசையில் 150 பேர்; ஆளுக்கு இரண்டடி என்றால் 300 அடி, அதாவது 100 கெஜம். கெட்டிஸ்பர்க்கில் ஒன்றியப் படையின் தூண்டில் முள் போன்ற கோடு கல்ப்ஸ் ஹில் முதல் லிட்டில் ரவுண்ட் டாப் வரை சுமார் மூன்று மைல், அதாவது 5,280 கெஜம். ஓர் அங்குலத்துக்கு 60 கெஜம் என்று அளவு வைத்தால் 88 அங்குலம் வேண்டும். உங்கள் மேசையோ 72 அங்குலம்தான். முழுக் களமும் வேண்டுமானால் அங்குலத்துக்கு 100 கெஜம் என்ற அளவில் இயங்கும் வாலி அண்ட் பேயனட் போன்ற விதிநூலுக்குப் போக வேண்டும். அதில் மூன்றங்குலச் சதுரத் தட்டு ஒன்றே ஒரு பிரிகேட். நீங்கள் கேட்பது தென்பகுதி மட்டும் என்பதால் 60 கெஜ அளவே போதும்.

பத்துமுகம்

நாற்காலி அவர்கள் போட்ட கணக்கு நேராக ஃபயர் அண்ட் ஃப்யூரியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. 1990இல் வெளிவந்த நூல் அது. பின்னர் பிரிகேட் அளவுக்குப் புதிய பதிப்பும், ரெஜிமென்ட் அளவுக்குத் தனி நூலும் வந்தன. நான் இருபது ஆண்டுகளாக ஆடுகிறேன். இன்றும் எனக்கு அலுக்காத காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு பிரிகேட்டும் நகர்வதற்கு முன் ஒரு பத்துமுகப் பகடையை உருட்ட வேண்டும். அந்த எண்ணோடு, பிரிகேட்டின் அப்போதைய நிலை, அருகில் தளபதி இருக்கிறாரா என்பது போன்றவை சேர்ந்து, அது விரும்பியபடி போகுமா, தயங்கி அரைகுறையாகப் போகுமா, நின்ற இடத்திலேயே நிற்குமா, பின்வாங்குமா என்று ஓர் அட்டவணை சொல்லும். பிரிகேட் புத்துணர்வோடு இருக்கும்போது அட்டவணை பெரும்பாலும் உங்கள் பக்கம். தேய்ந்த நிலைக்கு வந்த பிறகு ஒவ்வோர் உருட்டலிலும் வயிற்றில் கல் விழும். ஓய்ந்த நிலைக்கு வந்துவிட்டால் அந்தப் பிரிகேட்டை நீங்கள் மனத்தளவில் கைவிட்டுவிடுவீர்கள். அன்றைய தளபதிகளும் அதைத்தான் செய்தார்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் ஆடிய கோதுமை வயலைச் சொல்கிறேன். என் பக்கம் ஜார்ஜ் ஆண்டர்சனின் ஜார்ஜியப் பிரிகேட், வயலின் தெற்கு மரக்கோட்டில் இரண்டு பேஸ்களை இழந்து நின்றது. எதிரில் கால்டுவெல்லின் ஆட்கள் வயலுக்குள் இறங்கிவிட்டார்கள். கெர்ஷாவின் தென்கரோலினாப் பிரிகேட் வயலை ஒட்டிய கற்குன்றின் மேற்கே காத்திருந்தது. இரண்டும் ஒரே சுற்றில் பாய்ந்தால் வயல் எனது. தளபதியின் பொம்மையை ஆண்டர்சனோடு சேர்ப்பதா, கெர்ஷாவோடு சேர்ப்பதா என்று ஐந்து நிமிடம் யோசித்து, தேய்ந்துபோன ஆண்டர்சனோடு சேர்த்தேன். ஆண்டர்சன் 8 போட்டுக் கிளம்பிவிட்டார். கெர்ஷா 2 போட்டு நின்றுவிட்டார். ஒரே பிரிகேட் தனியாக வயலுக்குள் போய், இரண்டு பக்கமும் சுடப்பட்டு, திரும்பி வரவே இல்லை. நான் எடுத்தது தவறான முடிவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு டிவிஷன் தளபதியின் முடிவு என்பது தெரியும்.

சுடுவதற்கு ஓர் அட்டவணை, கைகலப்புக்கு ஆளுக்கொரு பகடை, கணக்கு அவ்வளவுதான். ஒருவர் மிக நன்றாகச் சுடும்போதே தோட்டா குறைந்துபோகவும் கூடும் என்பது அழகான விதி. 40 தோட்டாக்கள் கொண்ட பெட்டியோடு நின்ற சிப்பாயை அது நினைவில் வைத்திருக்கிறது.

மூடியசீட்டு

மரியாதையுடன் மாறுபடுகிறேன். ஃபயர் அண்ட் ஃப்யூரியில் நீங்கள் என் படையைப் பார்த்துவிட்டு உங்கள் படையை நகர்த்துகிறீர்கள். நான் நின்ற இடத்தில் நிற்கிறேன், நீங்கள் சுற்றி வருகிறீர்கள். பிறகு நீங்கள் நிற்கிறீர்கள், நான் சுற்றி வருகிறேன். உண்மையில் இருவரும் ஒரே நேரத்தில், புகைக்குள், எதிராளி என்ன செய்யப் போகிறான் என்று தெரியாமல் முடிவெடுத்தார்கள். 1983இல் ஜான் ஹில் வடிவமைத்த ஜானி ரெப் இந்தக் குறையைத்தான் தீர்த்தது. ஒவ்வொரு ரெஜிமென்ட்டின் பின்னாலும் ஆணைச் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாம் வைத்து முடித்த பிறகு இருவரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். நீங்கள் 'பாய்' என்று வைத்திருப்பீர்கள். எதிரில் இருப்பவர் நின்று சுடும் ஆணையை வைத்திருப்பார். சீட்டுகளைத் திருப்பும் அந்த நொடியில் மேசையைச் சுற்றி ஓர் அமைதி நிலவும்; வேறு எந்த விதிநூலிலும் நான் அதைக் கண்டதில்லை.

லிட்டில் ரவுண்ட் டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வின்சென்ட்டின் பிரிகேட்டில் நான்கே ரெஜிமென்ட்டுகள்: 16ஆம் மிச்சிகன், 44ஆம் நியூயார்க், 83ஆம் பென்சில்வேனியா, கடைசி இடது முனையில் 20ஆம் மெய்ன். எதிரே மூன்று அலபாமா ரெஜிமென்ட்டுகளும் இரண்டு டெக்சாஸ் ரெஜிமென்ட்டுகளும். 15ஆம் அலபாமா அன்று இருபது மைலுக்கு மேல் நடந்து வந்திருந்தது. குடுவைகளில் தண்ணீர் நிரப்பப் போன ஆட்கள் திரும்பி வருவதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது. 20ஆம் மெய்னின் கர்னல் சேம்பர்லின் தன் வரிசையை நீட்டி, இடது பகுதியைப் பின்னுக்கு மடக்கி, தோட்டா தீர்ந்த நிலையில் துப்பாக்கிக் கத்தியோடு கீழே பாய்ந்தார். இந்தக் கதையில் சுவையானவை எல்லாமே ரெஜிமென்ட் அளவில்தான் நடக்கின்றன. பிரிகேட் அளவு விதியில் 20ஆம் மெய்ன் என்பது பேஸ் ஒன்றோ இரண்டோ. அது மடங்குவதும் இல்லை, பாய்வதும் இல்லை. இருவர் ஆட இதைவிடப் பொருத்தமான சண்டை எது?

நாற்காலி

மூடியசீட்டு அவர்கள் சொல்லும் அமைதியை நானும் அனுபவித்திருக்கிறேன். ஒன்பது ரெஜிமென்ட்டுகள் மோதும் லிட்டில் ரவுண்ட் டாப்புக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் ஜானி ரெப்பில் எண்பது சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். மேசையில் சீட்டுகள், குழப்பக் குறிகள், மனவுறுதிக் குறிகள் எல்லாம் சேர்ந்து வீரர்களை மறைத்துவிடும். நல்ல விதிநூலா என்பதைவிட, எத்தனை ரெஜிமென்ட்டுகள் வரை நல்ல விதிநூல் என்று கேட்பதே பொருந்தும். என் அனுபவத்தில் ஜானி ரெப் ஆளுக்குப் பன்னிரண்டு வரை தாங்கும்.

இருமணிநேரம்

இழையைத் தொடங்கிய நண்பர் பிளாக் பவுடரை ஓர் ஆட்டத்தோடு தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது விதியின் குணம்தான். அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் சரிசெய்துவிடலாம்.

தளபதியின் திறன் 8 என்றால், இரண்டு பகடைகளில் 8 அல்லது அதற்குக் கீழ் விழ வேண்டும். 36 சாத்தியங்களில் 26 அப்படி விழும். அதாவது நூற்றுக்கு 72. எவ்வளவு கீழே விழுகிறதோ அவ்வளவு அதிகமாக நகரலாம். திறனைவிட மூன்றோ அதற்கு மேலோ குறைந்து, அதாவது 5க்குள் விழுந்தால் மூன்று நகர்வுகள். அதற்கு 36இல் 10 வாய்ப்பு, நூற்றுக்கு 28. காலாட்படையின் ஒரு நகர்வு 12 அங்குலம். மூன்றும் கிடைத்தால் 36 அங்குலம். உங்கள் மேசையின் ஆழம் 48. ஆக, ஏறக்குறைய நான்கில் ஒரு முறை ஒரு படைப்பிரிவு மேசையின் முக்கால் பங்கைக் கடந்துவிடும். நீளமும் ஆழமும் தாராளமான மேசைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் அது. சிறிய மேசைக்கும் சிறிய பொம்மைக்கும் தூரங்களைச் சுருக்கிக்கொள்ளுமாறு நூலே சொல்கிறது. 15 மி.மீ.க்கு எல்லா அளவுகளையும் பாதியாக்குங்கள். நகர்வு ஆறு அங்குலம். மூன்று நகர்வும் கிடைத்தால் பதினெட்டு. சண்டை தானாகவே சீராகிவிடும்.

அதில் நான் மிகவும் மதிக்கும் விதி வேறு. பகடையைத் தொடுவதற்கு முன் ஆணையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'இந்தப் பிரிகேட் வேலியைத் தாண்டி, பண்ணை வீட்டுக்கு வலப்புறமாகப் போய், அந்தப் பீரங்கிகளைத் தாக்க வேண்டும்' என்று எதிராளி கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் உருட்ட வேண்டும். ஒரே நகர்வு கிடைத்தால் வேலியருகே, வெட்டவெளியில், சுடுதூரத்துக்குள் நின்று தவிப்பீர்கள். சொன்ன சொல்லுக்கும் நடந்ததற்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியே இந்தப் போரின் வரலாறு. ஆணை தவறினால் அந்தத் தளபதிக்கு அந்தச் சுற்றில் வேறு ஆணையே கிடையாது. எனவே எதை முதலில் சொல்வது என்பதும் ஒரு முடிவாகிறது. இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடியும் என்பது கூடுதல் வசதி.

ஆறடிமேசை

மிக்க நன்றி. 36 அங்குலம் என்ற கணக்கைப் பார்த்த பிறகு, எங்கள் முதல் சுற்றில் என்ன நடந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. இன்னொரு சந்தேகம். சில விதிநூல்களில் ரைபிள் துப்பாக்கிக்கு மிக நீண்ட சுடுதூரம் கொடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் மிகக் குறுகிய தூரம். எது சரி?

புகைமண்டலம்

இந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் விடை ஆட்டத்தின் முகத்தையே மாற்றிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1861ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளின் குறிமுள்ளில் 100, 300, 500 கெஜத்துக்கான தகடுகள் இருந்தன. இதைப் படித்துவிட்டு, ரெஜிமென்ட் முழுவதும் 500 கெஜத்திலேயே எதிரியை அறுத்துத் தள்ளியது என்று எழுதிய விதிகள் பல உண்டு. ஆனால் அந்த ரைபிள் சுட்ட மினியே குண்டு மெதுவாகப் புறப்பட்டு, வளைந்து உயர்ந்து, வளைந்து இறங்கும். 300 கெஜத்துக்குக் குறிமுள்ளை நிமிர்த்திச் சுட்டால் நடுவழியில் அது ஆள் தலைக்கு மேலே போய்விடும். தூரத்தைத் தவறாக மதிப்பிட்டவனுக்கு அந்தத் துப்பாக்கியின் திறமை முழுவதும் வீண். சிப்பாய்களில் பெரும்பாலோர் குறிபார்த்துச் சுடும் பயிற்சி மிகக் குறைவாகவே பெற்றிருந்தார்கள். அதற்கு மேல், ஷைலோவும் சிக்கமாகாவும் வில்டர்னஸும் காட்டுக்குள் நடந்த சண்டைகள்; இரண்டு முறை சுட்டதுமே புகை திரையிட்டுவிடும். எனவே பெரும்பாலான துப்பாக்கிச் சண்டைகள் நூறு, இருநூறு கெஜத்துக்குள்தான் நடந்தன. அந்தத் தூரத்தில் நின்று, ஒருவரும் முன்னே போகாமல், ஒருவரும் பின்னே போகாமல், மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டார்கள்.

பீரங்கியில்தான் தூரம் உண்மையில் விளையாடியது. 12 பவுண்டு நெப்போலியன் பீரங்கி அருகிலிருந்து சிதறுகுண்டு போடுவதில் கொடியது. மூன்றங்குல ஆர்ட்னன்ஸ் ரைபிள் என்ற பீரங்கி தொலைவில் துல்லியமானது. ஒன்றியப் படையின் பேட்டரியில் (பீரங்கிக் குழுவில்) பெரும்பாலும் ஒரே வகைப் பீரங்கி ஆறு. தென்னவர் பேட்டரியில் பெரும்பாலும் நான்கு, அதுவும் கலப்பாக. இந்த வேறுபாட்டை மதிக்காத விதிநூலை நான் கையில் எடுக்க மாட்டேன். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் மேரீஸ் ஹைட்ஸின் அடியில் இருந்த கல்சுவரை நோக்கி அலை அலையாகப் போனவர்களின் மேல் முதலில் மேட்டுப் பீரங்கிகளும், அருகே வந்ததும் சுவருக்குப் பின்னால் இருந்த துப்பாக்கிகளும் சுட்டன. அந்த இரண்டு கட்டங்களும் மேசையில் தெரிய வேண்டும். எனவே நூலைப் புரட்டும்போது முதலில் இதைப் பாருங்கள்: துப்பாக்கியின் முழுத் தூரம், காலாட்படையின் ஒரு நகர்வைப் போல எத்தனை மடங்கு? இரண்டு மடங்குக்கு மேல் போனால் பாய்ச்சல் என்ற ஒன்றே அந்த ஆட்டத்தில் இருக்காது.

நியூமார்க்கெட்மேடு

விதிநூலோடு வரும் படைப்பட்டியலையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது எனக்கு மிகவும் முக்கியமான விஷயம். பழைய பட்டியல்கள் சிலவற்றில் தென்னவர் என்றாலே உயர்ந்த மனவுறுதி, கைகலப்பில் கூடுதல் புள்ளி, ஒன்றியப் படை என்றாலே தயக்கம் என்று எழுதி வைத்திருப்பார்கள். 1862இன் வர்ஜீனியாவைப் பார்த்து எழுதிய மதிப்பீடு அது. நான்கு ஆண்டுகளுக்கும் எல்லாக் களங்களுக்கும் அது பொருந்தாது. 1863 நவம்பர் 25 அன்று மிஷனரி ரிட்ஜின் அடிவாரத்துக் குழிகளை மட்டும் பிடிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஒன்றிய வீரர்கள், மேலே ஏறச் சொல்லி ஆணை இல்லாமலேயே மலை மேல் ஏறி தென்னவர் தளபதி பிராக்கின் வரிசையை உடைத்தார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டியல் 'தயக்கம்' என்று எழுதும்?

அடிமை முறைக்காக மூண்ட போர் இது. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் பணியாற்றினார்கள். 1864 செப்டம்பர் 29 அன்று நியூ மார்க்கெட் ஹைட்ஸில் தாக்கியவர்களில் பதினான்கு கறுப்பின வீரர்களுக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. அவர்களைப் பட்டியலில் சேர்க்காத நூலும், சேர்த்துவிட்டு எல்லோரையும் கற்றுக்குட்டிகள் என்று குறிக்கும் நூலும் வரலாற்றைச் சரியாகப் படிக்கவில்லை. எந்த ரெஜிமென்ட்டுக்கும் அதன் முந்தைய சண்டைகளையும், அன்று அது எவ்வளவு களைத்திருந்தது என்பதையும் பார்த்து நீங்களே மதிப்பிடுங்கள். ஷைலோவில் இரு பக்கமும் பெரும்பாலோர் புதியவர்கள். அங்கே இரு தரப்புக்கும் ஒரே மதிப்பு கொடுத்தாலே ஆட்டம் சரியாக வரும்.

கடிகாரம்

இதுவரை யாரும் ஆல்டர் ஆஃப் ஃப்ரீடமைச் சொல்லவில்லை. 6 மி.மீ.க்கு எழுதப்பட்டது, பிரிகேட்டுக்கு ஒரு தட்டு, 15 மி.மீ. வைத்திருப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அதில் ஒரு விதியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தலைமைத் தளபதிக்கு ஓரளவு முன்னுரிமைப் புள்ளிகள்தாம் உண்டு. அவற்றை டிவிஷன்களுக்கு மறைவாகப் பங்கிட்டு ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் முதலில் நகர்வார். சுற்று எவ்வளவு நேரம் நீளும் என்பதற்கும் அதே புள்ளிகளில் இருந்து ஏலம் கேட்கலாம். இடது பக்கத்தில் எல்லாப் புள்ளிகளையும் கொட்டினால் வலது பக்கம் உறங்கிவிடும்.

1863 செப்டம்பர் 20 அன்று சிக்கமாகாவில் ஒன்றியத் தளபதி ரோஸ்கிரான்ஸ், தன் வரிசையில் இடைவெளி இருப்பதாகத் தவறாக நினைத்து வுட்டின் டிவிஷனை இடம் மாறச் சொன்னார். வுட் கீழ்ப்படிந்தார், உண்மையான இடைவெளி அப்போதுதான் திறந்தது, லாங்ஸ்ட்ரீட்டின் படை அதன் வழியாகப் பாய்ந்தது. கெட்டிஸ்பர்க்கின் முதல் நாள் மாலை, இயன்றால் மேட்டைப் பிடிக்கச் சொல்லி தென்னவர் தளபதி லீ அனுப்பிய ஆணையை எடுத்துக்கொண்டு அவருடைய கோர் தளபதி யூவெல் நின்றுவிட்டார். இரண்டாம் நாள் சிக்கில்ஸ் ஆணை இல்லாமல் முன்னே போய்விட்டார். இப்படிப்பட்டவை பகடையின் விபத்துகள் ஆகா. தலைமைத் தளபதியின் கவனம் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதன் விளைவுகள். ஃபயர் அண்ட் ஃப்யூரியில் ஒவ்வொரு பிரிகேட்டுக்கும் தனித்தனியாக உருட்டும்போது தவறுகள் அங்கங்கே சிதறி, ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. ஒரு பக்கம் முழுவதுமே தாமதமாவதை, ஜூலை 2 அன்று லாங்ஸ்ட்ரீட்டின் அணிவகுப்பு வந்த வழியே திரும்பிப் போய்ச் சுற்றி வந்ததைப் போன்ற ஒன்றை, அதில் நான் கண்டதில்லை.

பத்துமுகம்

கடிகாரம் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தக் குறைக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஆட்டம் தொடங்கும் முன், ஒவ்வொரு டிவிஷனும் எந்தச் சுற்றில் மேசைக்கு வரும் என்பதைத் தனிப் பகடையால் தீர்மானிப்போம். மெக்லாஸ் ஹூட்டுக்குப் பின்னால் இரண்டு சுற்று தாமதமாக வருவதும் உண்டு, சேர்ந்தே வருவதும் உண்டு. விதிநூலை மாற்றாமலே அந்த நாளின் தாமதம் மேசைக்கு வந்துவிடுகிறது.

மூடியசீட்டு

தனித்தனிச் சண்டைகளை ஒன்றோடொன்று கோத்து ஆட விரும்பினால் லாங்ஸ்ட்ரீட் என்ற விதிநூலையும் ஒருமுறை பாருங்கள். 2013இல் வந்தது, சீட்டுகளால் இயங்குவது. 1861இல் புதிய ஆட்களோடு தொடங்கி, சண்டைக்குச் சண்டை நோயாலும் இழப்பாலும் ரெஜிமென்ட்டுகள் சுருங்க, எஞ்சியவர்கள் பழுத்த வீரர்களாகிறார்கள். பெயருக்கு ஆயிரம் பேர் கொண்ட ரெஜிமென்ட் கெட்டிஸ்பர்க்குக்குள் முந்நூறு சொச்சமாக நடந்து வந்தது எப்படி என்பது அதை ஆடினால் கையில் தெரியும். அளவாகச் சில ரெஜிமென்ட்டுகள் போதும் என்பவர்களுக்கு ரெபெல்ஸ் அண்ட் பேட்ரியட்ஸும் ஷார்ப் பிராக்டிஸும் உண்டு. ஆனால் அவை உங்கள் கேள்வியின் எல்லைக்கு வெளியே.

ஆறடிமேசை

எல்லாப் பதில்களையும் அச்செடுத்து மைத்துனரோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தோம். பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமை, பொம்மைகளைத் தொடாமல், காலண்டர் அட்டையை ஓரங்குலத் துண்டுகளாக வெட்டி, பின்பக்கம் பிரிகேட்டின் பெயரை எழுதி, ஃபயர் அண்ட் ஃப்யூரியின் பிரிகேட் விதிகளில் ஜூலை 2ஐ ஆடிப் பார்த்தோம். ஹூட் வலப்புறம் முதல் சுற்றில் வந்தார்; பத்துமுகம் அவர்கள் சொன்னபடி உருட்டியதில் மெக்லாஸ் மூன்றாம் சுற்றில்தான் வந்தார். நான்கு மணி நேரத்தில் எட்டுச் சுற்றுகள் முடிந்தன. ஐந்தாம் சுற்றில் பார்க்ஸ்டேலின் மிசிசிப்பிப் பிரிகேட் தோட்டத்தின் முனையை உடைத்து உள்ளே வந்தபோது, என்னிடம் இருப்பு என்று ஒரே ஒரு பிரிகேட் இருந்தது. அதை அங்கே அனுப்புவதா, யாருமே இல்லாத லிட்டில் ரவுண்ட் டாப்புக்கு அனுப்புவதா என்று நான் எழுந்து நின்று மேசையைச் சுற்றி நடந்தேன். நாற்காலி அவர்கள் கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போது விடை கிடைத்தது. தோட்டத்துக்கு அனுப்பினேன், மலை போய்விட்டது.

அதனால் பெரிய சண்டைகளுக்கு ஃபயர் அண்ட் ஃப்யூரி என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் மைத்துனர் மூடியசீட்டு அவர்களின் பக்கம். வின்சென்ட்டையும் அலபாமாக்காரர்களையும் தனி ஆட்டமாக ஜானி ரெப்பில் ஆட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பேஸ் போதுமா என்பதுதான் கடைசிக் கேள்வி.

நாற்காலி

போதும். 15 மி.மீ.க்கு ஓரங்குல அகலம், முக்கால் அங்குல ஆழம், பேஸுக்கு மூன்று வீரர்கள் என்று ஒட்டுங்கள். பெரிய ஆட்டத்தில் ஏழெட்டு பேஸ்கள் ஒரு பிரிகேட். சிறிய ஆட்டத்தில் நான்கைந்து பேஸ்கள் ஒரு ரெஜிமென்ட். பேஸின் அடியில் காந்தப் பட்டை ஒட்டி, இரும்புத் தகடு பதித்த தட்டில் வைத்துக்கொண்டால், நாளை பிளாக் பவுடருக்கோ வாலி அண்ட் பேயனட்டுக்கோ போனாலும் எதையும் பிய்க்க வேண்டாம். பெயரைத் தட்டின் பின்விளிம்பில் எழுதுங்கள், பேஸில் எழுத வேண்டாம். கொடி பிடித்தவர்களை மட்டும் தனி பேஸில் வையுங்கள். எந்த ரெஜிமென்ட்டுக்கும் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஆறடிமேசை

பசையைத் திறந்துவிட்டோம். இன்று மாலை வரை 11 பேஸ்கள். ஷைலோவுக்கான காடு இனிமேல்தான். தென்னவர் தளபதிகள் ஹார்டியும் பிராக்கும் ஒருவர் பின் ஒருவராக வந்து கலந்துபோனதை ஃபயர் அண்ட் ஃப்யூரியில் எப்படிக் காட்டுவது என்பதற்கு அடுத்த வாரம் தனி இழை தொடங்குகிறேன்.